சாங்கியில் இறங்கி ஏறும் இடைவேளையில் ஒரு காப்பிக் கடைச் சாப்பாடு

நாள் 0: சென்னை, புறப்படும் இரவு

சிங்கப்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊர் விமான நிலையமான சாங்கியில் மூன்று மணி நேரமோ ஏழு மணி நேரமோ இடைவேளை கிடைக்கும். அந்த நேரத்தில் பர்கரும் பொட்டலச் சிப்ஸும் தின்று வயிற்றை நிரப்புவது பெரிய இழப்பு. அந்த ஊர்க் காப்பிக் கடைச் சாப்பாடு அவசரக்காரர்களுக்கே அமைந்தது. சொன்னால் ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும், பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடலாம். நேரக் கணக்கும் கேட்க வேண்டிய சொற்களும் தெரிந்திருந்தால் போதும்.

விமான நிலையத்துக்கு உள்ளேயே சாப்பிடுவதா, வெளியே போவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, பெட்டிக்குக் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டியிருந்தால் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டவே வேண்டாம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டி வரலாம், அதற்கு விசா வேண்டும். சென்னைக் கவுன்ட்டரில் பெட்டியைப் போடும்போதே "கடைசி ஊர் வரைக்கும் போகுமா?" என்று வாய்விட்டுக் கேட்டு, ஒட்டும் சீட்டில் ஊர்க்குறியைப் பார்த்துவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா அல்லது நீண்டகால அனுமதி கையில் இருந்து, 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் இருந்தால் விசா இல்லாமல் இறங்கி ஏறும் சலுகை உண்டு. ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருப்பவர்களுக்குத் திரும்பும் வழியில் தனி விதி இருக்கிறது. குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதைப் படித்துவிட்டே கிளம்புங்கள். கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியின் கையில்.

வெளியே போகிறவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். உள்ளேயே இருந்து விமானம் மாறுகிறவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை.

இன்னும் இரண்டு வேலை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் திறந்து வையுங்கள், அங்கே ரயிலுக்கும் பேருந்துக்கும் அந்த அட்டையையே தட்டலாம். 20 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே தமிழில் இப்படித்தான் சொல்வார்கள்) சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடியில் பல கடைகள் உள்ளூர் கியூஆர் அல்லது ரொக்கம் மட்டுமே வாங்கும், 50 வெள்ளி நோட்டை நீட்டினால் காலை வேளையில் சில்லறை இருக்காது.

நாள் 1: சாங்கி, காலை 6 மணி, இடைவேளை மூன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து பறக்கும் நேரம் நாலு மணிக்குச் சற்று மேல். கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இங்கே ஆறு என்றால் வயிற்றுக்கு மூன்றரை. தூக்கம் கலைந்த அந்த நேரத்தில் காரமும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது. காயா ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி மூன்றும் சேர்ந்த காலைச் செட் இதற்கென்றே அமைந்தது.

மூன்றரை மணி நேரத்துக்கு வெளியே போகவேண்டாம். 1, 2, 3 ஆம் முனையங்களை உள்ளேயே ஓடும் ஸ்கைட்ரெயின் இணைக்கிறது, 4 ஆம் முனையத்துக்கு ஷட்டில் பேருந்து. அடுத்த விமானம் எந்த முனையம் என்று பார்த்து முதலில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். 4 ஆம் முனையத்துக்கு மாறுகிறவர்கள் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரைமணி ஒதுக்கவேண்டும். படங்களில் பார்க்கும் 40 மீட்டர் உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவல் கட்டடம் (2019 இல் திறந்தது) குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. அங்கே சாப்பிடலாம் என்ற நினைப்பில் கிளம்பிப் பாதி வழியில் திரும்புகிறவர்கள் நிறைய. உள்ளே இருப்பவர்கள் 2 ஆம், 3 ஆம் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜன்னல் வழியாக அருவியைப் பார்க்கலாம்.

இப்போது கோப்பி. இங்கே "காபி" என்று கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியது வராது. ரோபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கருக்க வறுத்து, நீளத் துணிப்பையில் போட்டு, மூக்கு நீண்ட கெண்டியிலிருந்து கொதிநீர் ஊற்றி இறக்கும் டிகாஷன் இது. நம் ஊர் சிக்கரிக் கசப்பு கிடையாது, கருகிய சர்க்கரையின் மணம் இருக்கும். சொற்கள் மலாய், சீனக் கிளைமொழி எல்லாம் கலந்தவை:

கோப்பி: டிகாஷனும் கெட்டியான இனிப்புப் பாலும். கோப்பி ஓ: பால் இல்லை, சர்க்கரை உண்டு. கோப்பி சி: இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். ஓ, சி இரண்டின் பின்னாலும் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை அறவே இல்லை. மலாயில் அந்தச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். "சியூ டாய்" என்றால் இனிப்பு குறைவு, "கா டாய்" என்றால் கூடுதல். "காவ்" ஸ்ட்ராங், "போ" லைட், "பெங்" ஐஸ். தேநீருக்கும் இதே கணக்குதான்: தே, தே ஓ, தே சி.

சொற்களை வரிசையாக அடுக்கவேண்டும். பால் கலந்து, இனிப்பு குறைத்து, ஐஸ் போட்டு வேண்டும் என்றால் "கோப்பி சி சியூ டாய் பெங்". சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி செய்யும் தவறு, "கோப்பி கோசோங்" என்று மட்டும் சொல்வது. வெறும் "கோப்பி" என்பதிலேயே இனிப்புப் பால் அடங்கிவிட்டது, கோசோங் சேர்த்தாலும் அந்த இனிப்பு போகாது. "கோப்பி ஓ கோசோங்" அல்லது "கோப்பி சி கோசோங்" என்றுதான் கேட்கவேண்டும்.

முதல் வாய் கசந்தால் கவலை வேண்டாம். இனிப்புப் பால் கோப்பையின் அடியில் கிடக்கும். கரண்டியை அடிவரை விட்டு ஏழெட்டுச் சுற்று கலக்குங்கள். கலக்காமல் குடித்தால் மேலே கஷாயம், கீழே பாகு.

காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை (இலங்கையில் ரம்பை என்பார்கள்) சேர்த்து மெல்லிய தீயில் கிளறிய ஜாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பழுப்புக்குக் காரணம் கருக்கிய சர்க்கரை. தேங்காய் ஜாம் என்றே பலரும் இதை அறிமுகம் செய்வதால், முட்டை சாப்பிடாதவர்கள் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய ரொட்டியும் பல கடைகளில் உண்டு, அதைக் கேளுங்கள். ரொட்டியை மெல்லியதாக அரிந்து மொறுமொறுப்பாகச் சுட்டு, நடுவில் காயா தடவி, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டை அப்படியே வைப்பார்கள். வெண்ணெய் உருகுவதற்குள் கடிக்கவேண்டும். சூடான ரொட்டியும் சில்லென்ற வெண்ணெயும் ஒரே கடியில் வாய்க்கு வருவதுதான் இதன் ருசி. படம் எடுத்துக்கொண்டிருந்தால் போய்விடும்.

முட்டை இரண்டும் ஓட்டோடு வரும், அல்லது தட்டில் உடைத்து வரும். ஓட்டோடு வந்தால் கத்தியின் முதுகாலோ கரண்டியாலோ நடுவில் ஒரே தட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து தட்டில் விடுங்கள். ஓட்டில் ஒட்டிய வெள்ளையைக் கரண்டியால் வழித்தெடுக்கவேண்டும். வெள்ளைக்கரு தயிர் மாதிரித் தளதளவென்று இருக்கும், மஞ்சள் ஓடும். கறுப்பு சோயா சாஸ் நாலைந்து சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் இரண்டு தட்டு. மஞ்சளை உடைத்துக் கலக்கி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடலாம், தட்டைத் தூக்கி உறிஞ்சினாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சாஸை அள்ளி ஊற்றினால் உப்பு ஏறி முட்டை வீணாகும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இந்த முட்டையைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. 1, 2, 3 ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் ஒவ்வொரு வாசலிலும் நடக்கிறது. கடையிலிருந்து கையில் கொண்டுபோகும் கோப்பி 100 மில்லிக்கு மேல் இருப்பதால் வாசலில் கொட்டச் சொல்வார்கள். குடித்து முடித்துவிட்டே போங்கள். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்: சோதனைக்கு முன் காலி செய்யுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கழிவறைக்கும் வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே போய்விடுங்கள்.

நாள் 2 முதல் 10 வரை

அந்த நாட்கள் வேறு ஊருக்குரியவை. இங்கே எழுத ஒன்றும் இல்லை.

நாள் 11: திரும்பும் வழி, இறங்குவது காலை 9, ஏறுவது மாலை 4

ஏழு மணி நேரம். வெளியே போய் வரப் போதும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் போகாதீர்கள், அது சாப்பாடாக இருக்காது, ஓட்டமாக இருக்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மாலை 4 மணி விமானத்துக்கு 3 மணிக்கு வாசலில் நிற்கவேண்டும். 2.15க்குக் குடிநுழைவைத் தாண்டியிருக்கவேண்டும். அப்படியானால் 1.30க்குள் சாப்பாட்டு இடத்தைவிட்டுக் கிளம்பியாகவேண்டும். இந்தப் பக்கம் 9 மணிக்கு இறங்கினால் குடிநுழைவு முடிய 9.45, ரயில் நிலையம் நடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம், 10.30 வாக்கில் பிடோக், நாம் சாப்பிடப்போகும் இடம். அலுவலகக் கூட்டம் 12 மணிக்கு உணவங்காடியில் குவியும், அதற்குள் சாப்பிட்டு முடிக்க இந்த நேரம் சரியாக விழுகிறது.

வெளியே போகும்போது பையில் மெல்லும் புகையிலை, மின்சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது, இரண்டுக்கும் இங்கே தடை. இழுத்துச் செல்லும் பெட்டியை விமான நிலையத்தின் பை வைப்பகத்தில் கட்டணம் கட்டி வைத்துவிடுங்கள். உணவங்காடியில் மேசையும் நாற்காலியும் தரையோடு பதித்திருக்கும், பெட்டி வைக்க இடமிருக்காது.

ஏன் பிடோக்? இட்லி தேடி லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவுக்குப் போகிறவர்கள் உண்டு. எக்ஸ்போவில் மாறி டவுன்டவுன் வழித்தடத்தில் லிட்டில் இந்தியா வரை நேராகப் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் போகவர ஒன்றரை மணி நேரம் ரயிலிலேயே கழியும். பிடோக் அப்படியில்லை. 2 ஆம், 3 ஆம் முனையங்களுக்கு நடுவே தரைக்குக் கீழே சாங்கி விமான நிலைய எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம். அடுத்தது எக்ஸ்போ, அதற்கடுத்தது தானா மேரா. அங்கே இறங்கி துவாஸ் லிங்க் பக்கம் போகும் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், பிடோக். நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையமும் உணவங்காடியும்.

தவறு நடக்கும் இடம் தானா மேரா. எதிர்ப்பக்க ரயில் பாசிர் ரிஸுக்குப் போகும். திரும்பி வரும்போது அதே பாசிர் ரிஸ் ரயிலில்தான் ஏறவேண்டும், ஆனால் ஒரே நிறுத்தத்தில் தானா மேராவில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறவேண்டும். சாப்பிட்ட மயக்கத்தில் விட்டுவிட்டால் சிமெய், தெம்பனீஸ் என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். வாயிலில் அட்டையைத் தட்டி நுழைந்து, தட்டி வெளியேறுங்கள். இருவருக்கு ஒரே அட்டையைத் தட்டமுடியாது. வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ரயிலுக்குள் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும்.

உணவங்காடி என்பது கூரை போட்ட திறந்த கட்டடம், குளிர்சாதனம் இல்லை. தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1970களிலும் 80களிலும் அரசு இப்படிக் கட்டிய இடங்களுக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலாச்சாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு அங்காடியும் சில மாதங்களுக்கு ஒருமுறை பெருந்துப்புரவுக்காக முழுதும் மூடும், தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். திங்களன்று பல கடைகள் தனித்தனியாக விடுமுறை எடுக்கும்.

முதலில் இடம் பிடியுங்கள். மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று பொருள், இதற்கு "சோப்" என்று பெயர். நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள், கை துடைக்கக் கடைகளில் காகிதம் தரமாட்டார்கள். சாப்பாடு ஒரு கடை, பானம் வேறு கடை. சொல்லும்போதே காசு கொடுக்கவேண்டும். சுயசேவை என்று எழுதியிருந்தால் நின்று வாங்குங்கள், இல்லையென்றால் மேசை எண்ணைச் சொன்னால் கொண்டுவருவார்கள். பலகையில் போட்டிருக்கும் விலைதான் விலை. உணவகங்களில் வருவதுபோல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 9 விழுக்காடு வரி என்று தனியாக ஏறாது. டிப்ஸும் வேண்டாம்.

எதைச் சாப்பிடுவது? ஒரே வேளைதான் இருக்கிறது என்றால் நாசி லெமாக் சாப்பிடுங்கள் என்போம். தேங்காய்ப்பாலிலும் பாண்டான் இலையிலும் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, வெள்ளரித் துண்டு, ஓரத்தில் மிளகாய் விழுதான சம்பல். மலாய்க் கடைகளில் கோழிச் சிறகோ பொரித்த மீனோ சேர்த்துக் கொடுப்பார்கள். சோறு முன்பே வெந்திருப்பதால் இரண்டு நிமிடத்தில் தட்டு கைக்கு வரும். சம்பலை மொத்தமாகச் சோற்றில் பிசைந்துவிடாதீர்கள். அதில் காரத்தோடு இனிப்பும் இருக்கும், முழுதும் பிசைந்தால் தேங்காய்ப்பால் மணம் அமுங்கிவிடும். ஒரு கவளத்துக்குக் கொஞ்சம் தொட்டு, இரண்டு கடலை, ஒரு நெத்திலி, அந்த அளவுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்கவேண்டும். சம்பலில் இறால் விழுதான பெலாச்சான் இருக்கும். ஹைனான் கோழிச்சோற்றில் கோழியை நீக்கித் தரச் சொன்னாலும் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. பரோட்டாவுக்கு ஊற்றும் பருப்பைப் பார்த்துச் சாம்பார் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது ஆட்டெலும்பு போட்ட தால்ச்சா. இந்திய முஸ்லிம் கடைகளில் பலரும் தமிழ் பேசுவார்கள். "அண்ணே, பருப்புல எலும்பு போட்டிருக்கா? சீனி மட்டும் குடுங்க" என்று கேட்டால் போதும், வெறும் பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிடுவது இங்கே வழக்கமான ஒன்றுதான். வெறும் பரோட்டாவைக் "கோசோங்" என்றே சொல்வார்கள், முட்டை போட்டது வேறு. நம் பரோட்டாவைவிட மெல்லியது, கல்லிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு. இவற்றைத் தவிர, சீனச் சைவக் கடைகளும் பல அங்காடிகளில் உண்டு. அங்கே அரிசிச் சேமியாவான பீஹூனும் கீரையும் சோயா மாமிசமும் கிடைக்கும். புத்த மரபுப்படி சமைக்கும் கடைகளில் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்கமாட்டார்கள்.

சாப்பிட்டதும் தட்டைத் தூக்கித் தாங்கியில் வைக்கவேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் இது கட்டாயம். முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி. ஹலால் தட்டுக்குத் தனித் தாங்கி, மற்றதற்குத் தனித் தாங்கி. மேலே உள்ள பலகையைப் படித்துவிட்டு வையுங்கள். மாற்றி வைப்பது உணவு நெறியைக் காப்பவர்களுக்கு உண்மையான சங்கடம்.

பார்சல் வேண்டுமானால் "தப்பாவ்" அல்லது "புங்குஸ்" என்று சொல்லுங்கள். கோப்பியைக்கூட பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள், நம் ஊர்ப் பார்சல் டீ மாதிரியே. ஆனால் அதை ரயிலில் குடிக்கமுடியாது, வாசல் சோதனையையும் தாண்டாது. உலர்ந்த பண்டம் மட்டும் வாங்குங்கள். காயா ஜாடியும் சம்பல் புட்டியும் சோதனையில் திரவமாகவே எண்ணப்படும், கைப்பையில் போகாது. அவற்றைக் குடிநுழைவு தாண்டிய பிறகு உள்ளே உள்ள கடையில் வாங்கி, முத்திரையிட்ட பையில் போட்டுத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பையை வீடு சேரும்வரை பிரிக்கக்கூடாது.

நாள் 12: சென்னை

அந்த முட்டையை வீட்டில் செய்யக் கேட்கிறவர்களுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கனமான பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். குளிர்ப்பெட்டியில் இல்லாமல் வெளியே இருந்த இரண்டு முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்கி, மூடி, ஆறரை நிமிடம் அப்படியே விடுங்கள். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டால் மஞ்சள் வேகுமுன் வெள்ளை ரப்பராகிவிடும், அணைப்பதன் காரணம் அதுதான். நேரம் முடிந்ததும் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டுங்கள், இல்லையென்றால் ஓட்டுக்குள் இருக்கும் சூட்டிலேயே வெந்துகொண்டு போகும். வெள்ளை இன்னும் நீராக ஓடினால் அடுத்த முறை அரை நிமிடம் கூட்டுங்கள். குளிர்ப்பெட்டி முட்டை என்றால் அரைமணி முன்பே வெளியே எடுத்து வைக்கவேண்டும். கறுப்பு சோயாவுக்குப் பதில் இங்கே எங்கும் கிடைக்கும் சாதா சோயா சாஸை ஊற்றினால் உப்பு தூக்கும், இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.